ஆய்வுரை நாளில் ஒரு குறுக்குக் கோடு

போன வாரம் தாம்பரத்தில் ஒரு கேடயக் கடைக்குப் போயிருந்தேன். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு வாங்கும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை இல்லை என்பது உலகத்தின் நம்பிக்கை. ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளனுக்கு எல்லா நடைமுறையும் தெரியும் என்பது எங்கள் செயலாளரின் நம்பிக்கை. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்காமல் என் மகள் கல்யாணத்துக்குத் தேங்காய்கூட நான் வாங்கியதில்லை.

உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. அறுத்த பலகை, காயாத வார்னிஷ், பித்தளைத் தகட்டை ஒட்டும் பசை. கடைக்காரப் பையன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"இன்னா சார் எழுதணும்? பர்ஸ்ட் பிரைசா, பார்ட்டிசிபேஷனா?"

"பார்ட்டிசிபேஷனுக்குமா கேடயம்?"

"அதான் சார் இப்ப ஓடுது. எல்லாருக்கும் ஒண்ணு குடுத்துட்டா சண்டையே கிடையாது பாருங்க."

நிர்வாக ரீதியில் மறுக்க முடியாத யோசனை. முப்பது வருஷம் கல்லூரி அலுவலகத்தில் குப்பை கொட்டியும் எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் பசை வாசனை என்னை நகரவிடவில்லை. அது எனக்கு எப்போதும் கணிதத்தின் வாசனை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. தனியார் கல்லூரிதான். பெயர் வேண்டாம், அவர்களும் பாவம். என் பணிக்காலத்தின் கடைசிப் பகுதி அங்கேதான் கழிந்தது. இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருஷங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம். காலை, மதியம், இரவு என்று மூன்று முறை அந்தச் சாலை கம்பெனிப் பேருந்துகளுக்கே சொந்தம். அந்த நேரத்தில் பேராசிரியர் சொல்வது முன்பெஞ்சுக்கே கேட்காது. தேர்வு அட்டவணையை நான் பல்கலைக்கழக நாள்காட்டியைப் பார்த்துப் போட்டதைவிட ஷிஃப்ட் பேருந்தைப் பார்த்துப் போட்டதுதான் அதிகம். ஓரிரு பேராசிரியர்கள் அதற்காக எனக்கு நன்றி சொன்னார்கள். மாணவர்கள் சொல்லவில்லை, சத்தம் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது.

அப்போது கணிதத் துறைத் தலைவராக இருந்தவர் ஜோசப். ஒல்லியான மனிதர். சட்டைக் கையில் எந்நேரமும் சாக்பீஸ் பொடி. ஒருநாள் என் அறைக்கு வந்து உட்காராமலே பேசினார்.

"சார், நம்ம பி.எஸ்சி. பசங்க புத்தகத்துல இல்லாத ஒரு கணக்கைத் தானா எடுத்து யோசிச்சு, பலகைகிட்ட நின்னு பேசணும். ஆய்வுரை மாதிரி. நல்லா பேசுறவங்கள நாம கௌரவிக்கணும்."

"தாராளமா. சிறப்பு விருந்தினர் யாரு?"

"கணக்குக்கு எதுக்கு சார் சிறப்பு விருந்தினர்?"

"அப்ப குத்துவிளக்கை யார் ஏத்துறது?"

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். தீர்வே இல்லாத சமன்பாட்டைப் பார்க்கிற பார்வை. கடைசியில் ஒத்துக்கொண்டார். இப்படித்தான் எங்கள் கல்லூரியில் 'மாணவர் ஆய்வுரை நாள்' பிறந்தது. விதிமுறைகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது. என் மேஜையில் தமிழ் மன்றப் பேச்சுப் போட்டியின் கோப்பு இருந்தது. அதன் தலைப்பை மட்டும் மாற்றித் தட்டச்சுக்கு அனுப்பினேன். குரல் வளம், தெளிவு, நேர ஒழுங்கு, கேள்விக்கு விடையளிக்கும் பாங்கு என்று மதிப்பெண்கள் பிரிந்திருந்தன. ஜோசப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஒரு சமன்பாட்டைப் பத்து முறை சரிபார்ப்பார்கள் இந்தக் கணிதக்காரர்கள். சுற்றறிக்கையை ஒரு முறை படிக்க மாட்டார்கள்.

முதல் பரிசுக்கு ஒரு கேடயமும் ஒரு பொன்னாடையும். அவை என் ஏற்பாடு. ஜோசப்பின் ஏற்பாடு வேறு. பரிசு பெற்றவரின் பெயரை நடுவர் பரிந்துரையோடு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோடை வகுப்புக்கு அனுப்புவார். அங்கே போய் வந்தவர்கள் பெரும்பாலும் எம்.எஸ்சி.க்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் கம்பெனிப் பேருந்தில் ஏறிவிடுவார்கள்.

லோகேஸ்வரி அப்போது மூன்றாம் ஆண்டு. கல்லூரி முழுக்க லோகு. மணிமங்கலம் பக்கத்துப் பெண். பஸ் பாஸுக்குச் சான்றிதழ் கேட்டு என்னிடம் வருவாள். வந்தால் சும்மா போகமாட்டாள், வாயாடி. அவள் அப்பா ஏகாம்பரம் முன்பு விவசாயம் செய்தவர், பிறகு ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் வாசலில் செக்யூரிட்டி. வீட்டின் பின்பக்க அறையை மூன்று தென்மாவட்டத்துப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவளுடைய ஆய்வே அந்த அறையில்தான் தொடங்கியது.

"சார், எங்க வூட்டுப் பின்னாடி மூணு அண்ணனுங்க கீறாங்க. அதுல ரெண்டு பேருக்கு ஒரே பாயி. ஆனா ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல."

"அதெப்படி?"

"ஒருத்தர் வரும்போது இன்னொருத்தர் ஷிஃப்டுக்குப் போயிருப்பார். இசக்கி அண்ணன்கிட்ட கேட்டேன். 'மூஞ்சி தெரியாது தாயி, போர்வை சூடா இருந்தா இப்பந்தான் எந்திச்சிப் போயிருக்கான்னு அர்த்தம்'ங்கறார்."

அவர்கள் இருவருக்கும் ஷிஃப்ட் வாராவாரம் காலை, மாலை, இரவு என்று ஒரே வரிசையில் சுழன்றது. ஆனால் தொடங்கிய இடம் வேறு. அதனால் ஆயுசுக்கும் சேர மாட்டார்கள். மூன்றாமவன் வேறு கம்பெனி. அங்கே வரிசை தலைகீழ்: இரவு, மாலை, காலை. அவன் மட்டும் இந்த இருவரையும் முறைவைத்துச் சந்திப்பான். குழம்பில் உப்புப் போதவில்லை என்ற சண்டைகூட அவன் வழியாகத்தான் நடக்கும் என்றாள். எதிரெதிராகச் சுழலும் இருவர் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரே ஷிஃப்டில் கட்டாயம் சேர்வார்கள் என்று அவள் நிரூபித்திருந்தாள். இது எனக்கே புரிந்தது. காவலாளிகளுக்கும் பெருக்குபவர்களுக்கும் டூட்டி போட்டே தலை நரைத்தவன் நான்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அவள் பெரிய தேற்றம் ஒன்றும் வைத்திருந்தாள். ஓர் அறையில் எந்த இரண்டு பேரை எடுத்தாலும் அவர்கள் என்றாவது ஒரு வாரம் ஒரே ஷிஃப்டில் சேர்வார்கள் என்றால், அந்த அறையில் உள்ள எல்லாரும் ஒன்றாகச் சேரும் வாரமும் ஒன்று உண்டு. ஜோசப் அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் சட்டையில் படிந்த பொடியைக்கூட உதறவில்லை என்று துறையில் பேசிக்கொண்டார்கள்.

ஆய்வுரை நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கல்லூரியில் இருந்தது ஒரே கார். அது விளக்கேற்ற வரும் தொழிற்சாலை அதிகாரியை அழைத்துவரப் போயிருந்தது. பரிசைத் தீர்மானிக்க வேண்டிய பேராசிரியை, சென்னையில் எண்ணற்ற மாணவர்களை உருவாக்கிய அம்மையார், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஆறு தொழிலாளிகளோடு நெருக்கியடித்து வந்து இறங்கினார். நெறிமுறைப்படி அதுதான் சரி. விளக்கேற்றுபவர் சிறப்பு விருந்தினர். நடுவர் வெறும் நடுவர். அம்மையாருக்கு வருத்தமே இல்லை. "ஆட்டோல எல்லாரும் நல்லா பேசிக்கிட்டு வந்தாங்க" என்றார்.

வராந்தாவில் ஏகாம்பரம் நின்றிருந்தார். இரவு வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார். நீலச் சட்டை, தோளில் விசில் கயிறு, கையில் தொப்பி. பெற்றோருக்கு அழைப்பு கிடையாது, அப்படி ஒரு பிரிவை நான் விதியில் சேர்க்கவில்லை. ஆனாலும் அழைத்துப் போய்க் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"லோகுவுக்குக் கம்பெனில வேல கிட்ச்சிட்சு சார். திங்கக்கெயம வண்டி வரும். எங்க மச்சான்தான் சொல்லி வச்சிகிறான்."

"அப்ப மேல படிக்க வைக்கலியா?"

"படிக்க வேணான்னு நான் சொல்லலியே சார். எனுக்கு இன்னா தெரியும்? எல்லா அப்பனும் எம் பொண்ணு நல்லா படிக்கும்னுதான் சொல்லுவான். வெவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் ஒருத்தர் 'இது படிக்கும்'னு சொல்லட்டும். பிரைஸ் வாங்கிச்சுன்னா படிக்கட்டும். இல்லாங்காட்டி வண்டி ஏறட்டும். அதுவும் சரின்னு ஒத்துகிட்சி."

கேட்கும்போது எனக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்தப் பகுதியில் அந்த மாதிரி ஒப்பந்தம் பல வீடுகளில் இருந்தது. பிறகுதான் யோசித்தேன், நான் வாங்கிவைத்த அந்தப் பசை காயாத கேடயப் பலகைக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று.

சிறப்பு விருந்தினர் நேரம் தவறாமையைப் பற்றி, ஒதுக்கிய நேரத்தைப் போல் இரண்டு மடங்கு பேசினார். ஏகாம்பரம் தூங்கிவிட்டார். கண்டிக்க முடியாது, அரங்கில் பாதிப் பேருக்கு அந்த நிலைதான். அவர் ஒருவருக்குத்தான் அதற்கு நியாயமான காரணம் இருந்தது. பிறகு ஒரு பையன் ரகசியக் குறியீடுகளைப் பற்றி எழுத்துகள் பறந்து வந்து உட்காரும் ஸ்லைடுகளோடு பேசினான். நல்ல கைதட்டல். அடுத்தது லோகு.

அவள் சாக்பீஸை எடுத்தாள். மேலே தேற்றத்தை எழுதினாள். பாயையும் போர்வையையும் சொன்னபோது அரங்கம் சிரித்தது. தூங்கியவர்கள் எழுந்தார்கள், ஏகாம்பரமும். உப்புச் சண்டைக்குப் பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். நிரூபணம் முடிந்து அவள் கையைத் தட்டிக்கொண்டு திரும்பியபோது, நடுவர் அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. ஒரே ஒரு சந்தேகம். அந்த ரூம்ல யாரோ ஒருத்தருக்கு ஷிஃப்ட் மாறவே மாறாதுன்னு வச்சுக்கோ. அப்பவும் நிக்குமா?"

"அப்படி யாரும் இருக்க மாட்டாங்க மேடம். எங்க ஏரியால எல்லாருக்கும் வாராவாரம் மாறிடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தபடி அரங்கத்தைப் பார்த்தாள். பார்வை கடைசி வரிசைக்கு வந்து நின்றது. ஏகாம்பரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

முன்வரிசையில் அவள் தோழி கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. "இன்னாடி ஆச்சு? பேசுடீ."

"இருக்காங்க மேடம்" என்றாள் லோகு. "எங்கப்பாவுக்கு எப்பவும் நைட்டுதான்."

இதை அந்தப் பக்கத்தில் வாழாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கே ஷிஃப்ட் ஆள் என்றால் லைனில் நிற்பவர், இயந்திரத்தை ஓட்டுபவர். வாசலில் நிற்பவரை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்டைப் போல, கொடிக்கம்பத்தைப் போல, அவர் இருப்பார், அவ்வளவுதான். இரவு முழுக்க அந்த வாசலில் நின்றவரின் மகளும் சேர்க்கவில்லை. அவர் பகலில் தூங்குவதைப் பார்த்தே வளர்ந்தவள். அது ஒரு ஷிஃப்ட் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

பலகைக்குத் திரும்பி மூன்று கட்டங்கள் போட்டாள். ஒவ்வொன்றும் ஒரு வாரம். அப்பாவின் வரிசையில் இரவு, இரவு, இரவு. நேராகச் சுழல்பவனுக்கு இரவு, காலை, மாலை. எதிராகச் சுழல்பவனுக்குக் காலை, இரவு, மாலை. முதல் வாரம் அப்பாவும் முதலாமவனும். இரண்டாம் வாரம் அப்பாவும் இரண்டாமவனும். மூன்றாம் வாரம் அந்த இருவரும். எந்த இருவரும் சேர்கிறார்கள். மூவரும் சேர்வதே இல்லை.

பிறகு மேலே போய், தான் எழுதிய தேற்றத்தின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு குறுக்குக் கோடு போட்டாள்.

"நான் சொன்னது தப்பு மேடம். எல்லாருக்கும் மாறினாத்தான் சரியா வரும். ஒருத்தர் மாறாம நின்னாலும் உடைஞ்சிடும். நான் அவரை விட்டுட்டேன்."

நேரம் முடிந்த மணியை அடித்தேன். அது என் கடமை.

"இன்னாத்துக்கு சார் கோடு போட்டாங்க?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"தப்புன்னு போட்டிருக்கு."

"ஆரு, அந்தம்மாவா?"

"இல்ல. உங்க பொண்ணேதான்."

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். சத்தம் போடாமல் எழுந்து வெளியே போனார்.

நடுவர் கூட்டம் முதல்வர் அறையில். மூன்று நடுவர்கள்: அம்மையார், பக்கத்துக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஒருவர், தேநீர் உபயம் செய்த தொழிற்சாலையின் பயிற்சி மேலாளர். மேலாளர் நல்லவர்தான், வேலை அவரை அப்படிப் பேச வைத்தது.

"என்ன சார் இது, தப்பான தேற்றத்துக்கு எப்படி பிரைஸ் குடுக்கிறது? எங்க லைன்ல இதை ரிஜெக்ட்னு ஒதுக்கிடுவோம்."

"உங்க லைன்ல ரிஜெக்டை யாரு கண்டுபிடிக்கிறாங்க?" என்றார் அம்மையார்.

"குவாலிட்டி ஆளுங்க."

"செஞ்சவங்களே, எல்லார் முன்னாடியும் கண்டுபிடிச்சு ஒதுக்கினது உண்டா?"

மேலாளர் தேநீரைக் குடித்தார். இன்னொரு பேராசிரியர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார், சம்பளமில்லாத நடுவர்களின் வழக்கம் அது. முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "விதி என்ன சொல்லுது?"

வாசித்தேன். குரல் வளம். தெளிவு. நேர ஒழுங்கு. கேள்விக்கு விடையளிக்கும் பாங்கு. முடிவு சரியாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. பேச்சுப் போட்டியில் யாரும் சரியாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லையே. அம்மையார் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் தண்ணீர் கேட்டார்.

"இதை எழுதின புண்ணியவான் யாரு?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் மேலாளரே சொன்னார், "கேள்விக்குப் பதில் சொன்னதுக்கு நான் முழு மார்க்கும் போடறேன் மேடம். பொய் சொல்லக் கூடாது, அந்த மாதிரி பதிலை நான் கேட்டதே இல்ல."

ஏகாம்பரத்தைத் தேடிப் போனேன். வண்டி நிறுத்துமிடத்தில் தன் மொபெட்டின் மேல் உட்கார்ந்திருந்தார், கிளப்பாமல்.

"உள்ள வாங்க. பேரைக் கூப்பிடப் போறாங்க."

"தப்பாப் போட்டதுக்கா சார்?"

"தப்பைக் கண்டுபிடிச்சதுக்கு."

"அதுவேவா கண்டுபுட்சுது? அந்தம்மா சொல்லித் தரல?"

"அவங்க கேள்விதான் கேட்டாங்க."

"அப்ப சரி" என்று இறங்கினார்.

கேடயத்தைச் சிறப்பு விருந்தினர் கொடுத்தார்; பொன்னாடையை முதல்வர் போர்த்தினார்; புகைப்படக்காரர் இரண்டையும் திரும்பச் செய்யச் சொன்னார். விழா முடிந்ததும் அம்மையார் ஏகாம்பரத்திடம் தானாகவே வந்தார்.

"உங்க பொண்ணா? இது படிக்கும். நல்லா படிக்கும். தடுத்துடாதீங்க."

ஏகாம்பரம் கைகூப்பினார். பிறகு லோகுவைப் பார்த்து, "மாமனுக்குப் போன் போட்டு வண்டி வேணான்னு சொல்லு. நான் சொன்னா கத்துவான்" என்றார்.

எல்லாரும் போனபின் பலகையைத் துடைக்க உதவியாளர் பாளையம் ஈரத்துணியோடு வந்தார். ஜோசப் குறுக்கே கையை நீட்டினார். "இத அழிக்காதப்பா. திங்கக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்." அதுதான் அந்தத் துறையின் உண்மையான பரிசு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வகுப்பில் யாராவது நல்ல நிரூபணம் எழுதினால் அந்தப் பலகையை அழிக்காமல் விடுவார்கள். மற்ற மாணவர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எந்த விதியிலும் இல்லை, யாருடைய ஒப்புதலும் வாங்கவில்லை, என் அலுவலகத்துக்குத் தெரியாமல் வருஷக்கணக்காக நடந்துவந்திருக்கிறது.

ஏகாம்பரம் பலகைக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார்.

"இதுல நான் எங்க கீறேன்?"

லோகு காட்டினாள். அவர் மூன்று கட்டத்தையும் விரலால் தொடாமல் தொட்டு வாசித்தார்.

"எல்லாத்துக்கும் மாறுது. எனுக்கு மட்டும் ஒரே மாரி கீதே?"

"அதனாலதாம்பா உடைஞ்சிட்சு."

"போவட்டும், நம்மளால ஒண்ணாச்சும் ஒடஞ்சுதே" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

லோகு கோடை வகுப்புக்குப் போனாள், எம்.எஸ்சி. முடித்தாள். இப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். அவள் வீட்டில் குடியிருந்த இசக்கி அங்கிருந்து இங்கே வந்தான். இவள் இங்கிருந்து அங்கே போனாள். அரசாங்கம் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறதோ தெரியாது. ஜோசப் ஓய்வு பெற்றார், அடுத்த ஆண்டு நான். அதன்பின் ஆய்வுரை நாள் ஒரு முறை நடந்தது என்றும் அதில் ஆய்வுரை மட்டும் நடக்கவில்லை என்றும் கேள்வி. பிறகு பி.எஸ்சி. கணிதத்தில் சேர ஆளில்லை என்று துறையையே மூடிவிட்டார்கள்.

ஒரு பழைய சான்றிதழின் நகலுக்காகச் சமீபத்தில் அங்கே போக வேண்டியிருந்தது. வெளியே பேருந்துகள் இன்னும் கூடுதலாகத்தான் ஓடுகின்றன. அந்த அரங்கத்தைக் கண்ணாடித் தடுப்புகளால் பிரித்து வேலைவாய்ப்புப் பிரிவு ஆக்கியிருக்கிறார்கள். பலகை இருந்த சுவரில் பெரிய திரை. கம்பெனிகளின் பெயர்களும் தேர்வானவர்களின் புகைப்படங்களும் ஓடிக்கொண்டிருந்தன. சுத்தமாக இருந்தது, குளிரூட்டியிருந்தார்கள், குறை சொல்ல முடியாது. என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு மனிதர், வேலைச் சீருடையோடு, பக்கத்தில் மகள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, இது நல்லா படிக்கும்னு சொல்றாங்கோ. மேல படிக்க வெக்கலாமா? ஆரைக் கேட்டா சொல்லுவாங்கோ?"

அந்தப் பெண் நல்லபடியாகத்தான் பதில் சொன்னாள்.

"அதெல்லாம் நமக்குத் தெரியாதுண்ணா. எந்தக் கம்பெனின்னு சொல்லுங்க, டோக்கன் தர்றேன்."